ஊசிமூக்கு குட்டி போட்ட அறை

லிஃப்ட்காரர் ஒரு முடிவு எடுத்துவிட்டால், பிறகு அந்த முடிவே வந்து காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாலும் விடமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எடுத்து வந்த முடிவு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் நீந்திக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க மாடி ஏறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“இந்தா, நல்லா கேட்டுக்கோ. இந்த மீன் இந்த வீட்ல குட்டி போடப் போகுது.”

அவர் மனைவி தையல் மெஷினில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

“யாரு சொன்னா?”

“நான் சொல்றேன்.”

“மீன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

லிஃப்ட்காரர் பையை உயர்த்தி மீனைப் பார்த்தார். லட்சியவாதிகள் கிண்டலுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் உலகத்தில் ஒரு காரியம் நடக்காது.

விஷயம் இதுதான். மீன் கடைக்காரரிடம் புதிதாக ஒரு ஜாதி மீன் வந்திருந்தது. விரல் நீளம். மேல் வாய் குட்டை, கீழ் வாய் மட்டும் ஊசி மாதிரி நீண்டிருக்கும். பார்ப்பதற்கு யாரோ அதன் தாடையைப் பிடித்து இழுத்துவிட்டு, பாதியில் வேறு வேலை வந்து போய்விட்ட மாதிரி இருக்கும். ஊசிமூக்கு என்று பெயர் சொன்னார் கடைக்காரர். தண்ணீரின் மேல்பரப்போடு ஒட்டிக்கொண்டேதான் நீந்தும். மேலே விழுகிற ஈயையும் எறும்பையும் தின்னும். கீழே போன தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முட்டையிடாது, உயிரோடு குட்டி போடும்.

“ஆனா ஒண்ணு சார், வீட்டுத் தொட்டியில இதை யாராலயும் குட்டி எடுக்க முடியாது. சும்மா பாத்துட்டுப் போங்க” என்று அவர் சொன்னதுதான் தப்பு. கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, “நான் எடுத்துக் காட்டறேன்!” என்று கத்திவிட்டு, ஒரு கூட்டத்தையே பையில் போட்டு வாங்கி வந்துவிட்டார் லிஃப்ட்காரர். வாய் நீண்ட மீனுக்கு வாய் நீண்ட எஜமானன் கிடைத்தான்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டையே இடத்துக்காகத்தான். ஒரு கூடம், அதில் தெருவைப் பார்த்த ஒரே ஜன்னல். ஒரு படுக்கையறை. ஒரு சமையலறை. பின்பக்கம் ஒரு சாமான் அறை. அந்தக் கடைசி அறைக்குள் மனிதர்கள் நுழைந்து வெகுகாலமாயிற்று. லிஃப்ட்காரர் வேலைக்குப் போன இடங்களிலெல்லாம் கழற்றிப் போட்டதைக் கட்டிக்கொண்டு வந்து அங்கே குவித்திருந்தார். பொத்தான் பலகைகள், தேய்ந்த சக்கரங்கள், கம்பி வடத் துண்டுகள், மடக்குக் கதவு ஒன்று, கீழே போவதை மட்டும் காட்டும் அம்புக்குறி ஒன்று. எங்கேயோ ஒரு லிஃப்ட் செத்து, அதன் ஆவி இங்கே வந்து குடியேறியது போல இருக்கும்.

மனைவியின் மெஷின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. பிரிட்ஜைத் திறந்தால் அதன் கதவு அவள் முழங்கையில் இடிக்கும். குழம்பு கொதித்தால் வெள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். “அந்த சாமான் ரூமை ஒழிச்சுக் குடுங்க, நான் நிம்மதியா தைப்பேன்” என்று அவள் எத்தனையோ தடவை கேட்டாள். “அது சாமான் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ்!” என்று எத்தனையோ தடவை அவர் மறுத்தார். கொஞ்ச காலமாக அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதைத் தன் வெற்றி என்று எழுதிக்கொண்டார் லிஃப்ட்காரர்.

அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவள் சொன்னதைக் கேட்டுப் பார்த்தார்; தோற்றார். பிறகு கேட்காத மாதிரி இருந்து பார்த்தார், அப்போதும் தோற்றார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் எதைச் சொல்கிறாளோ, அதற்கு நேர் எதிரானதைச் செய்வது. குடை எடுத்துப் போங்கள் என்பாள். எடுக்கமாட்டார். தொப்பலாக நனைந்து வருவார், ஆனால் தன் சொந்த முடிவில் நனைந்து வருவார். இந்தச் சட்டம் அவளுக்குத் தெரியவே தெரியாது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

“தொட்டியை எங்க வைக்கப் போறீங்க?” என்று கேட்டாள் மனைவி.

“யோசிக்கணும்.”

“எங்க வேணும்னாலும் வைங்க. கூடத்து ஜன்னல்கிட்ட மட்டும் வேண்டாம். அங்க என் மெஷினைப் போடலாம்னு பாக்கறேன்.”

யோசனை முடிந்தது. சாயங்காலத்துக்குள் கூடத்து ஜன்னலடியில் அகலமான தொட்டி வந்துவிட்டது. தூக்கி வந்தது அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. தொழில் பிளம்பர். தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்தக் காரியத்துக்கும் லிஃப்ட்காரர் அவனைத்தான் கூப்பிடுவார், ஏனென்றால் அவன் மாட்டேன் என்று சொல்லமாட்டான், காப்பி மட்டும் கேட்பான்.

ஜன்னலோரத்தில் ஊசிமூக்குகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தெருவில் பஸ் ஹாரன் அடித்தால் மொத்தக் கூட்டமும் அலறியடித்துக்கொண்டு கண்ணாடியில் போய் முட்டும். காற்றில் திரை ஆடினால் முட்டும். யாராவது கூடத்தில் தும்மினால் முட்டும். அழைப்பு மணி அடித்தபோது ஒன்று மேலே எகிறிக் குதித்து, வாசலில் கிடந்த லிஃப்ட்காரரின் ஷூவுக்குள் விழுந்தது. அவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, வாசலில் நின்ற கேஸ் சிலிண்டர்காரர் சிலிண்டரை வைத்துவிட்டு வழிவிட்டார்.

போதாததற்கு ஆண் மீன்கள் இரண்டு மூக்கோடு மூக்கு கோத்துக்கொண்டு மணிக்கணக்கில் மல்லுக்கு நின்றன. லிஃப்ட்காரர் கரண்டிக் காம்பை நடுவில் விட்டு விலக்கப் பார்த்தார்.

“விடுங்க. ரெண்டும் ஆம்பளைங்க. எதுக்கு சண்டைன்னு அதுங்களுக்கே தெரியாது” என்றாள் மனைவி, யூனிஃபார்முக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே.

ஆனால் உண்மையான இடி ஒரு காலைப் பொழுதில் விழுந்தது. பல் தேய்க்கப் போகும் வழியில் தொட்டியை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மிதக்கும் பாசிக்குப் பக்கத்தில், நீர் மட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, நூல்கண்டிலிருந்து பிய்த்த நூல் மாதிரி ஒரு குட்டி. உயிருள்ள குட்டி. அதற்கும் இரண்டு கண்கள்.

“ஏம்மா! ஓடி வா! ஓடி வா!”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் தாய் மீன் நிதானமாகத் திரும்பியது. ஒரு தடவை வாயைத் திறந்தது. மூடியது. பாசிக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

“எங்க?” என்றாள் மனைவி.

லிஃப்ட்காரர் விரலால் தாய் மீனைக் காட்டினார். அந்தத் தாயின் முகத்தில் ஒரு பொட்டு வருத்தமாவது இருக்கிறதா என்று தேடினார். மேலே ஏதாவது ஈ விழுகிறதா என்று அது பார்த்துக்கொண்டிருந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. அதைப் பார்த்து மனைவிக்கும் மனசு சங்கடப்பட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தட்டை மூடி வைத்துவிட்டு, “அடுத்த தடவை பாத்துக்கலாம், விடுங்க” என்றாள், வழக்கமான கிண்டல் இல்லாமல்.

“விடறதா? தலைகீழா நின்னாவது எடுக்கறேன் பாரு!”

மீன் கடைக்காரரிடம் ஓடினார். கடைக்காரர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“கூடத்துல வச்சா வேற என்ன நடக்கும்? இது பயந்தாங்கொள்ளி மீன் சார். பயந்தா மூக்கு உடையும். பசிச்சா பெத்ததையே தின்னும். ஆள் நடமாட்டம் இல்லாத அறையா பாருங்க. கதவு இருக்கணும். தூசி தும்பு கூடாது. நல்ல வெளிச்சம் வேணும், அப்பத்தான் பாசி தளதளன்னு வளரும், குட்டி அதுக்குள்ள ஒளியும். ஆனா விளக்கைத் திடீர்னு போடக் கூடாது.”

லிஃப்ட்காரர் யோசித்தபடியே வீட்டுக்கு வந்தார். கடைக்காரர் சொன்னதை வரி பிசகாமல் மனைவியிடம் ஒப்பித்தார். படுக்கையறையில் வைத்துவிட்டு நாம் கூடத்தில் படுக்கலாம் என்பது அவர் திட்டம். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“படுக்கையறையா? தாராளமா வைங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனா ஒரே ஒரு விஷயம்.”

“என்ன?”

“அந்த சாமான் ரூம்ல மட்டும் கை வைச்சிடாதீங்க.”

லிஃப்ட்காரரின் காது விறைத்தது.

“ஏன்?”

“எத்தனை வருஷமா சேத்த பொருள்! முன்னாடியெல்லாம் நான் புரியாம பேசிட்டேன். இப்ப அந்தக் கதவைத் திறந்தாலே ஏதோ மியூசியம் மாதிரி இருக்கு. அதைக் கலைச்சீங்கன்னா எனக்கு மனசே ஆறாது.”

“அங்கதான் ஆள் நடமாட்டமே இல்லை!”

“அதுக்காக?”

“அதுக்குக் கதவு இருக்கு!”

“வேண்டாங்க. சொன்னா கேளுங்க.”

சொன்னால் கேட்பதா? மறுநாளே பழைய இரும்பு வாங்குகிறவரைக் கூப்பிட்டுவிட்டார். மச்சினன் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க, இரும்புக்காரர் மாடிப்படியில் இறக்க, மனைவி முந்தானையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றாள்.

“ஐயோ, அந்தப் பொத்தான் பலகையையுமா? அதை வச்சிக்கலாங்க!”

“போடு வெளியே!”

“சக்கரம்? என்னைக்காவது உதவும்!”

“எதுக்கு உதவும்? போடு!”

“அந்த அம்புக்குறி மட்டுமாவது இருக்கட்டுமே. அழகா இருக்கு. கீழே கீழேன்னு காட்டிட்டு…”

அம்புக்குறி கையில் இருந்தது. லிஃப்ட்காரருக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம். ஒரு விநாடி தடுமாறினார். அவள் கண்ணில் கெஞ்சல் தெரிந்தது. அது போதும். கண்ணை மூடிக்கொண்டு இரும்புக்காரரின் சாக்குக்குள் போட்டார். தன் வைராக்கியத்தைப் பார்த்து அவருக்கே புல்லரித்தது.

மச்சினன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். அவன் அந்த அக்காவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன்.

“அத்தான், ஒண்ணு சொல்லட்டுமா? எங்கக்கா சரின்னு சொன்னா பயப்பட வேண்டாம். வேண்டாம்னு சொல்லும்போதுதான் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ அந்த மூலையில இருக்கிற மடக்குக் கதவைத் தூக்கு.”

மடக்குக் கதவைத் தூக்கியதும் ஒரு அதிசயம் நடந்தது. பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது! வடக்குப் பார்த்த ஜன்னல். தெருப் பக்கம் இல்லை, கட்டடத்தின் பின்புறத்து மரத்தைப் பார்த்தது. வெயில் அடிக்காத, சீரான வெளிச்சம் அறை முழுக்கப் பரவியது. தன் வீட்டில் இப்படி ஒரு ஜன்னல் இருப்பதையே மறந்துவிட்டு அதற்கும் சேர்த்து வாடகை கொடுத்திருக்கிறார் மனிதர்.

“ஐயையோ, ஜன்னல் வேற இருக்கா? ஆணி அடிச்சு மூடிடுங்க” என்றாள் மனைவி. உடனே துருப்பிடித்த கொக்கிகளுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார்.

அதற்கப்புறம் அவரை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை. சுவரில் பூஞ்சை இருந்தது. “இருந்துட்டுப் போகட்டும், மீனுக்கு அழுக்குதானே பிடிக்கும்” என்றாள் அவள். அடுத்த வாரமே சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளையடித்தார். “தொட்டியைத் தரையிலேயே வச்சிடுங்க, மேசை எதுக்கு?” என்றாள். சுவரிலிருந்து சுவர் வரை, இடுப்பு உயரத்துக்கு, யானை ஏறினாலும் ஆடாத மேசை ஒன்று அடித்தார். “பிளக் பாயிண்ட்டெல்லாம் தண்டச் செலவு” என்றாள். வரிசையாக வைத்தார். “சாமான் வைக்க அலமாரி வேண்டவே வேண்டாம்” என்றாள். தட்டுத் தட்டாக, சின்னச் சின்ன அறை பிரித்து அலமாரி வைத்தார். தீனி டப்பாவுக்கு இத்தனை அறை எதற்கு என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் முடிவு முடிவுதான்.

விளக்குதான் அவருடைய கைத்திறனின் உச்சம். மேசைக்கு நேர் மேலே நல்ல வெளிச்சமான விளக்கு. பழைய ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு குமிழ். திருகத் திருக வெளிச்சம் மெல்ல மெல்ல ஏறும். மீன் பயப்படாது. எத்தனையோ பேரை மாடிக்கு ஏற்றியவர், கடைசியில் ஒரு விளக்கை அதே பக்குவத்தோடு ஏற்றினார்.

தொட்டி பின்னறைக்குப் போனது. அன்று மத்தியானமே கூடத்து ஜன்னலடியில் தையல் மெஷின் வந்து உட்கார்ந்தது.

இதுதான் லிஃப்ட்காரருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஜன்னலை அவள் பிடித்துவிட்டாள்! வேலையிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் ஜன்னலில் அவள் முகம்தான் தெரிந்தது. போகிற வருகிறவர்களெல்லாம் கீழேயே நின்று, “அக்கா, பாவாடை தைச்சாச்சா?” என்று கேட்டார்கள். காற்றில் வெட்டிய துணியெல்லாம் கூடம் முழுக்கப் பறந்தது. பஸ் போனால் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மத்தியான வெயில் நேராகக் கண்ணில் அடிக்க, ஊசியில் நூல் கோப்பதற்குத் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “ராணி மாதிரி உக்காந்திருக்கா” என்று பொருமினார் இவர். குட்டி வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தார்.

அதன் பிறகு அவர் செய்தது தவம். அழுகின வாழைப்பழத்தை ஜாடியில் போட்டு ஈ வளர்த்தார். மொட்டை மாடி வாளியில் கொசுப்புழு வளர்த்தார். கட்டடத்தில் எல்லோரும் கொசுவை ஒழிக்க அலைந்துகொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் புழு சரியாக வளரவில்லையே என்று கவலைப்பட்டார். வேலைக்குப் போன இடத்தில் லிஃப்டின் மேல் உட்கார்ந்து கொண்டு எறும்பு பிடித்து டப்பியில் போட்டு வந்தார். அறைக்குள் பூனை மாதிரி நடந்தார். பசி தீர்ந்த ஊசிமூக்குகள் முட்டுவதை நிறுத்தின. கிட்டே போனாலும் ஓடவில்லை. பாசி மேல்பரப்பில் பாய் விரித்த மாதிரி படர்ந்தது. பெண் மீன் ஒன்றின் வயிறு நாளுக்கு நாள் பருத்தது.

“வலையைப் போடாதீங்க, வலையில மூக்கு மாட்டி ஒடிஞ்சிடும்” என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். ஒரு காலை பாசிக்குள் முதல் நூல் துண்டு அசைந்ததும், லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாயைத் தண்ணீரோடு சேர்த்து ஒரு மக்கில் மொண்டு, கடைக்காரரிடம் இரவல் வாங்கி வைத்திருந்த சின்னத் தொட்டிக்கு மாற்றினார். மற்றவற்றையும் அப்படியே மாற்றினார். பிறகு குமிழை மெல்லத் திருகினார். வெளிச்சம் ஏற ஏற, பாசியின் இழைகளுக்கு நடுவே ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, அந்தப் பக்கம் இன்னும் சில. எல்லாம் உயிரோடு. எல்லாம் மேலே பார்த்தபடி.

மனைவியும் வந்து பார்த்தாள். வெகுநேரம் குனிந்து பார்த்தாள். “சமத்துதான் நீங்க” என்றாள். கிண்டல் இல்லை. லிஃப்ட்காரருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

குட்டிகள் பிழைத்தன. வளர்ந்தன. ஒவ்வொன்றின் தாடையும் ஊசியாக நீண்டது. மீன் கடைக்காரரே நேரில் வந்து பார்த்து, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

“தோத்துட்டேன் சார். இவ்வளவு சாதுவா இந்த மீனை நான் பாத்ததே இல்லை. இதைப் போய் பின்னறையில ஒளிச்சு வச்சிருக்கீங்களே!”

“கூடத்துக்குக் கொண்டு போகலாமா? பயப்படாதா?”

“இங்கயே பொறந்து வளந்தது. மனுஷ மூஞ்சி பழகிடுச்சு. பின்னால கனமா ஒரு திரை மட்டும் இருந்தா போதும், தெரு தெரியாது.”

அவ்வளவுதான். லிஃப்ட்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். பழிவாங்கும் நாள் வந்துவிட்டது.

“இந்தா, மெஷினை எடு.”

“எதுக்கு?”

“தொட்டி ஜன்னலுக்கு வருது.”

மனைவியின் முகம் சுருங்கியது. மெஷினை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

“ஐயோ, இந்த ஜன்னலை மட்டும் கேக்காதீங்க! இப்பத்தான் கொஞ்சம் காத்தோட்டமா உக்காந்து தைக்கறேன். உங்களுக்குப் புண்ணியமா போகும்.”

“முடியாது!”

“ஒரு மாசம் டைம் குடுங்க.”

“நாளைக்கே!”

“நான் எங்க போவேன்?”

“எங்க வேணும்னாலும் போ! ஜன்னல் என்னோடது!”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. லிஃப்ட்காரருக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கப்பட்டால் சட்டம் என்ன ஆவது?

மறுநாள் மச்சினன் வந்தான். மெஷினை நகர்த்தினான். தொட்டியை இறக்கி, சுமந்து, ஜன்னலடியில் ஏற்றினான். லிஃப்ட்காரர் தண்ணீர் நிரப்பினார், பாசியை மிதக்கவிட்டார், மக்கில் மொண்டு மொண்டு மீன்களை விட்டார். எல்லாம் முடிந்ததும் மச்சினன் மடித்த துணி ஒன்றை நீட்டினான்.

“அக்கா குடுத்துச்சு. தொட்டிக்குப் பின்னால மாட்டச் சொல்லிச்சு.”

கனமான திரை. தொட்டியின் அகலத்துக்கு நூல் பிசகாமல், மேலே கம்பி நுழைய மடிப்பு வைத்துத் தைத்திருந்தாள். தோற்ற பிறகும் என்ன பெருந்தன்மை என்று நெகிழ்ந்துபோனார். மாட்டினார். தெரு மறைந்தது. பஸ் ஹாரன் அடித்தது. ஊசிமூக்குகள் அசையவில்லை. வாசலில் போகிறவர்களெல்லாம் நின்று உள்ளே எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். லிஃப்ட்காரர் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். இந்தக் கல்யாணத்தில் அவர் ஜெயித்த முதல் நாள்.

“ஏம்மா! வந்து பாரேன்!” என்று கூப்பிட்டார்.

சமையலறையில் பார்த்தார். ஆள் இல்லை. கதவுக்குப் பின்னால் பழைய இடத்தில் மெஷின் இல்லை. படுக்கையறையிலும் இல்லை. பின்பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது.

சாமான் அறைக் கதவைத் திறந்தார்.

வடக்கு ஜன்னல் திறந்திருந்தது. யானை ஏறினாலும் ஆடாத மேசையின் ஒரு பக்கத்தில் துணி வெட்டப் பரப்பியிருந்தது. மறு பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி, பக்கத்திலேயே அதற்கான பிளக். அலமாரியின் சின்னச் சின்ன அறைகளில் நூல்கண்டு, பொத்தான், கொக்கி, நாடா எல்லாம் வகைவகையாக உட்கார்ந்திருந்தன. எந்த அறையும் மிச்சமில்லை. விளக்குக்கு நேர் கீழே, மேசையோரத்தில் மெஷின். அவள் குமிழை ஒரு திருகு திருகினாள். வெளிச்சம் மெல்ல ஏறி ஊசி முனையில் வந்து நின்றது.

மச்சினன் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அத்தானைப் பார்த்ததும் பார்வையைக் கோப்பைக்குள் இறக்கிக்கொண்டான்.

“இது… இது மீன் ரூம்!” என்றார் லிஃப்ட்காரர்.

“மீன் எங்க?” என்றாள் மனைவி.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். சட்டென்று அந்தத் திரை நினைவுக்கு வந்தது. தொட்டியைக் கூடத்துக்கு மாற்றுவதாக அவர் முடிவெடுத்ததே நேற்று சாயங்காலம். அத்தனை கனமான துணியில், அத்தனை சுத்தமான தையல். அதற்கு எப்போது அளவெடுத்தாள்? எப்போது தைத்தாள்?

“ஜன்னல் வேணும்னு அழுதியே?”

“அழுதேன்.”

“இந்த ரூம்ல கை வைக்காதேன்னு சொன்னியே?”

“சொன்னேன். பொத்தான் பலகையை வீசாதீங்கன்னு சொன்னேன். ஜன்னலை மூடச் சொன்னேன். மேசை வேண்டாம்னு சொன்னேன். அலமாரி வேண்டாம்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.” பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். “நான் சொல்லி நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?”

மச்சினனுக்குக் காப்பி புரையேறியது.

லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்தார். தானே அடித்த வெள்ளை. மேசையைப் பார்த்தார். தானே இழைத்த பலகை. பிறந்த நாளிலிருந்து அவள் பக்கம் நின்று வேலை செய்திருப்பது போல எல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்தன. மாரடைப்பு வந்துவிடுமோ என்று பயந்தார். வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு முடிவு வந்தது. இதுவரை எடுத்த எல்லா முடிவையும்விடப் பெரிய முடிவு. விரலை நீட்டினார்.

“இத்தோட சரி! இனிமே உன் ஜம்பம் பலிக்காது. இன்னிலேருந்து நீ என்ன சொல்றியோ, எதிர்ல ஒரு வார்த்தை பேசாம, அதை அப்படியே செய்யப் போறேன். அப்ப நீ என்ன பண்ணுவேன்னு பாக்கறேன்!”

அவள் பெடலில் காலை வைத்தாள்.

“அப்படியா? ரொம்ப சந்தோஷம். போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க.”

சாத்திவிட்டுத்தான் போனார்.